வயலின் எல்லையை மென்பொருளில் எப்படி வைப்பது? நாலு எண் போதவில்லை

கேள்வி: பாமணிக்கரை

வணக்கம். மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றை ஒட்டின ஊர் எங்களுடையது. ஊர் விவசாயிகள் குழுவுக்காக ஒரு சின்ன ஆண்ட்ராய்டு செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பாவும் தாளடியும் மூழ்கிக் கிடக்கும்போது விவசாயி தன் வரப்பில் நின்று ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். அது யாருடைய வயல், என்ன சர்வே எண், எத்தனை மா (ஏறத்தாழ மூன்று மா ஒரு ஏக்கர்) என்று தானாகப் பதிவாக வேண்டும். அவ்வளவுதான் தேவை. போன வருடம் இதை நோட்டில் எழுதினோம். ஒரே வயல் இரண்டு தடவை ஏறியது, சில வயல் விட்டே போனது, இழந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றோம். அதனால்தான் இதில் இறங்கினேன்.

மொத்தம் 140 வயல். ஒவ்வொன்றுக்கும் வடக்கு எல்லை, தெற்கு எல்லை, கிழக்கு, மேற்கு என்று நாலு எண் வைத்திருக்கிறேன், அட்சரேகை இரண்டு, தீர்க்கரேகை இரண்டு. இப்போது மூன்று சிக்கல்.

ஒன்று, ஆற்றங்கரை வயலில் நின்று தட்டினால் மூன்று பேர் பெயர் வருகிறது. நடுத்தெருப் பக்கத்து வயல்களில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு, நண்பர் ஒருவர் கணினியில் வரைந்து ஜியோஜேசன் (வரைபடப் புள்ளிகளை எழுத்தாக வைக்கும் வடிவம்) கோப்பாகச் சில வயல்களைக் கொடுத்தார். அதை ஏற்றினால் எல்லாம் வரைபடத்தின் உச்சியில், வட துருவத்துக்குப் பக்கத்தில் போய் உட்காருகின்றன. மூன்று, பரப்பு கணக்கிட்டால் ஒரு ஏக்கர் வயலுக்கு 0.000000335 என்று வருகிறது. இது என்ன அலகு என்றே புரியவில்லை.

நாலு எண்ணை விட்டுவிட்டு முழு எல்லையையும் வைத்துத்தான் ஆக வேண்டுமா? வைப்பதென்றால் எப்படி? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள், இந்த மழைக்கு முன்னால் முடிக்கப் பார்க்கிறேன்.

பதில்: வெண்ணாறு79

தம்பி, முழு எல்லையை வைத்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் வைத்திருப்பது வயல் இல்லை, வயலைச் சுற்றிப் போட்ட பெட்டி. வயல் வடக்கு தெற்காக நேராகக் கிடந்தால் பெட்டியும் வயலும் ஏறத்தாழ ஒன்றுதான், அதனால்தான் நடுத்தெருவில் சரியாக வருகிறது. ஆற்றங்கரையில் வயல்கள் ஆற்றோடு சாய்ந்து கிடக்கும். 20 மீட்டர் அகலம், 200 மீட்டர் நீளம் உள்ள ஒரு வயல் வடகிழக்காகச் சரியாக 45 பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு பெட்டியைப் போட்டுப் பாருங்கள். வயல் ஒரு ஏக்கர், பெட்டி கிட்டத்தட்ட ஆறு ஏக்கர். அக்கம்பக்கத்து வயலெல்லாம் அந்தப் பெட்டிக்குள் விழும். மூன்று பெயர் வராமல் என்ன செய்யும்?

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. புதுச்சேரி யூனியன் பிரதேசம் நாலு துண்டு: புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரக் கரையில் ஏனாம். இந்த நாலையும் சேர்த்து ஒரு பெட்டி போட்டால் அதற்குள் சென்னை இருக்கும், பெங்களூரு இருக்கும், காரைக்காலின் தெற்கு எல்லை அவ்வளவு கீழே இறங்குவதால் கும்பகோணமும் மயிலாடுதுறையும்கூட இருக்கும். பெட்டியை மட்டும் நம்பினால் மகாமகக் குளம் புதுச்சேரியில் இருப்பதாகத்தான் மென்பொருள் சொல்லும்.

ஆனால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் பெட்டியால் வடிகட்டி, தேறுகிற இரண்டு மூன்று வயலுக்கு மட்டும் முழு எல்லையை வைத்துச் சோதிப்பதுதான் எல்லா இடத்திலும் நடக்கிற முறை. அந்தச் சோதனை ரொம்ப எளிது. நிற்கிற புள்ளியிலிருந்து கிழக்கே ஒரு நேர்கோடு இழுங்கள், அது வயலின் வரப்பை எத்தனை தடவை வெட்டுகிறது என்று எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. வயல் எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் இது நிற்கும். 140 வயலுக்குத் தரவுத்தளம், இண்டெக்ஸ் என்றெல்லாம் போகத் தேவையில்லை, ஒரு சுற்று ஓடினால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

வட துருவக் கதைக்கு வருகிறேன். 2016-இல் வந்த ஜியோஜேசன் தரநிலைப்படி ஒவ்வொரு புள்ளியிலும் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை இரண்டாவது. இன்னொரு வரைபடக் கோப்பு வடிவமான கேஎம்எல்லும் அப்படியே. ஆனால் வரைபடம் காட்டும் லீஃப்லெட், கூகுள் மேப்ஸ் இரண்டிலும் நிரல் எழுதும்போது அட்சரேகைதான் முதலில். நீங்கள் கோப்பில் இருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். மன்னார்குடி 10.67 வடக்கு, 79.45 கிழக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் 79.45 வடக்கு, 10.67 கிழக்கு. அது நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் வடமேற்குக் கரையோரக் கடல். நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிற இடம் அதற்குக் கொஞ்சம் தெற்கேதான்.

ஒரு நல்லது, டெல்டாவில் இந்தப் பிழையைப் பிடிப்பது சுலபம். அட்சரேகை என்றால் 10-லிருந்து 12-க்குள், தீர்க்கரேகை என்றால் 78-லிருந்து 80-க்குள் இருந்தே தீர வேண்டும். உள்ளே வரும் ஒவ்வொரு புள்ளியையும் இந்த இரண்டு வரம்பில் சோதித்து, மீறினால் ஏற்காதீர்கள். அப்புறம் அந்தத் தரநிலையில் இன்னும் இரண்டு விதி உண்டு. எல்லையின் கடைசிப் புள்ளி முதல் புள்ளியாகவே இருக்க வேண்டும், அதாவது நாலு மூலை வயலுக்கு ஐந்து புள்ளி. வெளி எல்லை கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகப் போக வேண்டும்.

பதில்: கடைமடை

மேலே சொன்னது எல்லாம் சரி. பரப்பு விஷயத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே ஒரு பருவம் முழுக்கத் தப்புக் கணக்கு கொடுத்திருக்கிறேன், விதை கணக்கு போட்டவர்களுக்கு மிஞ்சிப்போனது.

உங்களுக்கு வந்த 0.000000335 என்பது சதுரப் பாகை. நம் பகுதியில் ஒரு பாகை அட்சரேகை சுமார் 110.6 கிலோமீட்டர், ஒரு பாகை தீர்க்கரேகை சுமார் 109.3 கிலோமீட்டர். பெருக்கினால் ஒரு சதுரப் பாகை ஏறத்தாழ 12,090 சதுர கிலோமீட்டர். உங்கள் எண்ணை அதால் பெருக்கிப் பாருங்கள், 4,050 சதுர மீட்டர் வரும், அதாவது ஒரு ஏக்கர். ஆக உங்கள் கணக்கு தப்பில்லை, அலகுதான் யாருக்கும் பயன்படாத அலகு. இந்தப் பெருக்கலை அப்படியே வைத்துக்கொண்டுகூட உங்கள் ஊர் அளவுக்கு ஓட்டலாம், ஆனால் வடக்கே போகப்போக தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே வரும், 109.3 குறையும், எனவே அது ஊருக்கு ஊர் மாறுகிற எண் என்பதை மறக்கக் கூடாது.

ஒழுங்கான வழி, புள்ளிகளை யுடிஎம் 44 வடக்கு என்ற வீழலுக்கு (உருண்டைப் பூமியைத் தட்டையான படமாக்கும் முறை) மாற்றி மீட்டரில் கணக்கிடுவது. மென்பொருளில் அதன் அடையாள எண் இபிஎஸ்ஜி 32644. 78 கிழக்கிலிருந்து 84 கிழக்கு வரை அந்த மண்டலம், திருச்சியிலிருந்து கடற்கரை வரை டெல்டா முழுவதும் அதற்குள் அடங்கிவிடும், இரண்டு மண்டலத்தில் வெட்டுப்படும் தொல்லை நமக்கு இல்லை. இன்னொரு நல்ல விஷயம், இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. யுடிஎம்-இல் நடுக்கோடான 81 கிழக்கில் நீளம் 10,000-க்கு 4 பங்கு குறைவாகக் காட்டும், ஓரங்களில் கூடுதலாகக் காட்டும், நடுக்கோட்டிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர் தள்ளி ஓர் இடத்தில் குறைவும் இல்லை, கூடுதலும் இல்லை. அந்தக் கோடு நம் பகுதியில் கும்பகோணத்துக்குச் சற்று மேற்கே போகிறது. டெல்டாக்காரனுக்கு யுடிஎம் அளந்து தைத்த சட்டை மாதிரி.

நான் செய்த தப்பு என்னவென்றால், இணைய வரைபடங்கள் பயன்படுத்துகிற வெப் மெர்கேட்டர் வீழலிலேயே பரப்பைக் கணக்கிட்டேன், அதுவும் மீட்டரில்தானே இருக்கிறது என்று நினைத்து. அது படம் காட்டுவதற்கான வீழல். நம் அட்சரேகையிலேயே பரப்பைக் கிட்டத்தட்ட 4 சதவீதம் ஊதிக் காட்டும். 100 ஏக்கர் என்றால் 104. கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது.

பின்னால் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபடத் தரவுத்தளத்தின் பக்கம் போனால் ஜியோமெட்ரி வகை, ஜியோகிராஃபி வகை என்று இரண்டு இருக்கும். பாகையில் வைத்த ஜியோமெட்ரிக்குப் பரப்பு கேட்டால் மறுபடி சதுரப் பாகைதான் வரும், ஜியோகிராஃபிக்குக் கேட்டால் சதுர மீட்டர் வரும்.

தசம எண்களை ஃப்ளோட்டில் (32 பிட்) வைத்திருக்கிறீர்களா, டபுளிலா (64 பிட்)? இதைக் கட்டாயம் பாருங்கள். 32 பிட் ஃப்ளோட்டில் 79 என்ற அளவுள்ள எண் 0.0000076 பாகைப் படிகளாகத்தான் நகரும், அதாவது கிழக்கு மேற்காக 83 சென்டிமீட்டர். அட்சரேகை 10 என்பதால் அங்கே படி 10 சென்டிமீட்டர்தான். ஒரு பக்கம் மட்டும் வரப்பு பல்லுப்பல்லாகத் தெரிந்தால் காரணம் இதுதான். டபுள் போடுங்கள். இல்லை இடம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாக வையுங்கள், 32 பிட்டுக்குள் அடங்கும், படி ஒரு சென்டிமீட்டர் சொச்சம். எழுத்தாகச் சேமித்தால் தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் போதும், அது 11 சென்டிமீட்டர். வரப்பே அதைவிட அகலம்.

பாமணிக்கரை

இருவருக்கும் ரொம்ப நன்றி. வரிசையை மாற்றினேன், வயல்கள் ஊருக்கு வந்துவிட்டன. எல்லைப் புள்ளிகளை வைத்து உள்ளே வெளியே சோதனையும் எழுதிவிட்டேன், ஆற்றங்கரையில் இப்போது ஒரே பெயர். ஃப்ளோட்தான் வைத்திருந்தேன், மாற்றிவிட்டேன்.

நேற்று மூன்று பேர் கைபேசியோடு போய்ப் பதினைந்து வயல் நடந்து எடுத்தோம். இரண்டு புதுக் குழப்பம். ஒரு வயல் பட்டாவில் 2 மா, செயலியில் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். வயல் கண் முன்னால் இருக்கிறது, பரப்பு இல்லை. இன்னும் நாலைந்து வயலில் பட்டாவுக்கும் நமக்கும் பத்து சதவீதம் போல வித்தியாசம், சிலதில் கூட, சிலதில் குறைய. வயல்காரர்கள் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், என் வயலைக் குறைத்துவிட்டாயா என்று. எது சரி?

பதில்: சங்கிலியும்_கல்லும்

தம்பி, நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கணினி எனக்குக் கொஞ்சம்தான் தெரியும், வயல் தெரியும்.

பூஜ்ஜியம் வந்த வயலில் மூலைகளை எந்த வரிசையில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். வரப்பைச் சுற்றி நடக்காமல் ஒரு மூலையிலிருந்து குறுக்கே எதிர் மூலைக்குப் போயிருப்பீர்கள். எல்லை எட்டு போட்ட மாதிரி தன்னையே வெட்டும். அப்போது ஒரு முக்கோணம் கூட்டல், இன்னொன்று கழித்தல், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். செவ்வக வயல் என்றால் விடை பூஜ்ஜியமேதான்.

கடைமடை

ஐயா சொல்வது மிகச் சரி. கூடவே ஒன்று: இதைச் சரிசெய்ய போஸ்ட்ஜிஐஎஸ்-இல் எஸ்டி மேக்வேலிட் என்று ஒரு வழி இருக்கிறது, யாராவது அதைச் சொல்வார்கள். இந்த இடத்தில் அதை நம்ப வேண்டாம். அது எட்டை இரண்டு முக்கோணமாக்கிக் கொடுக்கும், வடிவம் செல்லுபடியாகும், பிழைச்செய்தி போய்விடும், ஆனால் வயலில் பாதிதான் இருக்கும். மூலை வரிசையைத்தான் திருத்த வேண்டும். எல்லை தன்னையே வெட்டுகிறதா என்று சேமிக்கும் முன்பே சோதித்து அங்கேயே, வயலில் நிற்கும்போதே, திரும்ப நடக்கச் சொல்லுங்கள்.

சங்கிலியும்_கல்லும்

ஆமாம், வயலில் இருக்கும்போதே திருத்துவதுதான் முறை, வீட்டுக்கு வந்த பிறகு எதுவும் நினைவிருக்காது.

இனி பட்டா விஷயம். எது சரி என்று கேட்டீர்கள். சட்டப்படி பரப்பு என்பது பட்டாவிலும் கிராமத்து நில விவரம் இருக்கும் அ-பதிவேட்டிலும் இருப்பது. அது எஃப்எம்பி என்கிற புலப்படத்திலிருந்து வந்தது. அந்தப் புலப்படத்தில் அட்சரேகையும் கிடையாது, தீர்க்கரேகையும் கிடையாது. கல்லுக்குக் கல் எத்தனை மீட்டர், நடுவில் ஓடுகிற ஜி லைனிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்தாக எத்தனை மீட்டர் என்றுதான் இருக்கும். வயலை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த படம் அது. அதன் வடிவம் நம்பகமானது, ஆனால் பூமியில் எங்கே உட்காருகிறது என்று அந்தத் தாள் சொல்லாது. உங்கள் கைபேசி அதற்கு நேர் எதிர். பூமியில் எங்கே என்று சொல்லும், வடிவத்தில் தடுமாறும்.

கைபேசி திறந்த வெளியிலேயே மூன்று, நாலு மீட்டர் தள்ளிக் காட்டும், தென்னை மரத்தடியில் இன்னும் மோசம். ஒரு மா வயல் சதுரமாக இருந்தால் பக்கம் 36, 37 மீட்டர்தான். ஒவ்வொரு மூலையும் அதன் போக்கில் மூன்று மீட்டர் ஆடினால் பரப்பில் பத்தில் ஒரு பங்கு போய்வரும், உங்களுக்கு வந்தது அதுதான். அதே ஆட்டம் ஒரு வேலி, அதாவது இருபது மா வயலில் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் அடங்கிவிடும், ஏனென்றால் அதன் பக்கம் 160 மீட்டருக்கு மேல். சின்ன வயல்காரனுக்குத்தான் இதில் அநியாயம் அதிகம், அவன்தான் உங்கள் குழுவில் நிறைய இருப்பான். ஆகையால் பட்டாப் பரப்பை ஒரு பத்தியிலும், நடந்து எடுத்த பரப்பை வேறு பத்தியிலும் வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றை எழுதவே எழுதாதீர்கள். இழப்பீட்டுக் கடிதத்துக்குப் பட்டா. எந்த வயல், எவ்வளவு பாகம் மூழ்கியது என்பதற்கு நீங்கள் நடந்தது.

பழைய டோப்போ ஷீட்டிலிருந்து (அரசு நிலவரைபடம்) யாராவது புள்ளி எடுத்துக் கொடுத்தால் நேராகச் சேர்க்காதீர்கள். அவை எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கில் வரைந்தவை, கைபேசி டபிள்யூஜிஎஸ் 84 என்ற புதிய கணக்கில் பேசுகிறது. மாற்றாமல் போட்டால் நம் பக்கம் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும், நாலு வயல் தாண்டி.

அந்தப் பழைய வரைபடங்களுக்கு அடிப்படையான அளவைக்கும் நம் ஊருக்கும் ஒரு பந்தம் உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1802-இல் சென்னையில் தொடங்கிய ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டனின் முக்கோண அளவை இங்கே வந்தபோது ஏறிப் பார்க்க மலை இல்லை, எங்கு பார்த்தாலும் தென்னையும் பனையும்தான். அதனால் கோயில் கோபுரங்களில் ஏறி அளந்தார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது. லாம்ப்டன் ஆறு வாரம் உட்கார்ந்து தன் கையாலேயே அதை நிமிர்த்தி வட்டத்தைச் சரிசெய்தார். பெரிய கோயிலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவு வரும்.

பதில்: கமலாலயம்

தாமதமாக வருகிறேன். ஓட்டை உள்ள வயலையும் துண்டு துண்டான வயலையும் யாரும் சொல்லவில்லை, 140 வயலில் கட்டாயம் இருக்கும்.

திருவாரூரில் "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி" என்பார்கள். அந்தக் கமலாலயக் குளத்தின் நடுவில் நாகநாதர் சன்னிதி இருக்கிறது. நீர்ப்பரப்பு எவ்வளவு என்றால் நடுத் திட்டைக் கழிக்க வேண்டும். ஜியோஜேசனில் ஒரு பாலிகனுக்குள் (மூடிய எல்லை வடிவம்) முதல் வளையம் வெளி எல்லை, அடுத்தடுத்த வளையங்கள் ஓட்டை, ஓட்டை வளையம் கடிகாரம் சுற்றும் பக்கம். உங்கள் ஊரில் வயல் நடுவே போர்செட்டுத் திடலோ, அடுத்தவர் பட்டாவில் களமோ இருந்தால் இப்படித்தான் வைக்க வேண்டும். வெண்ணாறு சொன்ன ஒற்றைப்படைக் கணக்கு ஓட்டைக்கும் சேர்த்தே வேலை செய்யும், எல்லா வளையத்தையும் சேர்த்து எண்ணினால் போதும்.

வாய்க்கால் குறுக்கே ஓடி ஒரே உட்பிரிவு இரண்டு பக்கமும் கிடந்தால் மல்டிபாலிகன், அதாவது பல துண்டு சேர்ந்த ஒரே வடிவம். நம்மிடம் மாவட்டமே அப்படி இருந்தது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனியாகும் வரை நாகப்பட்டினம் மாவட்டம் வடக்கே ஒரு துண்டு, தெற்கே ஒரு துண்டு, இடையில் காரைக்காலும் திருவாரூர் மாவட்டமும். அதற்கு முந்தைய எல்லைக் கோப்பு கையில் கிடைத்தால் சீர்காழியும் வேதாரண்யமும் ஒரே மாவட்டமாக வரும், கோப்பு எந்த வருடத்தது என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

இன்னொன்று. பக்கத்து வயல்களைத் தேட ஜியோஹேஷ் (இடத்தை எழுத்துக் குறியீடாக்கும் முறை) போடலாமே என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். முதல் எழுத்துகள் ஒத்திருந்தால் இரண்டு இடமும் பக்கத்தில் இருப்பது உண்மை, பக்கத்தில் இருந்தால் எழுத்துகள் ஒத்திருக்கும் என்பது உண்மை இல்லை. அதன் கட்டங்களில் ஒரு பெரிய கோடு 11.25 வடக்கில் போகிறது, சீர்காழிக்குச் சற்று வடக்கே. அந்தக் கோட்டின் இரு பக்கமும் ஒரே வரப்பைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வயலுக்குக்கூட முதல் எழுத்து மட்டும்தான் பொருந்தும், இரண்டாவதே வேறு. சுற்றியுள்ள எட்டுக் கட்டத்தையும் சேர்த்துத் தேடாவிட்டால் பக்கத்து வயல் கிடைக்காது.

வெண்ணாறு79

கடைசியாக ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். விவசாயி நிற்பது வயல் நடுவில் இல்லை, வரப்பில். வெள்ளத்தில் நடுவில் இறங்கவும் முடியாது. வரப்பு என்றால் இரண்டு வயலுக்கும் எல்லை, கைபேசியின் ஆட்டமும் சேர்ந்தால் பக்கத்து வயல் பெயர் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு இடத்தோடும் எத்தனை மீட்டர் துல்லியம் என்றும் சொல்கிறது, அதையும் சேர்த்துச் சேமியுங்கள். அந்த ஆரத்துக்குள் வரும் எல்லா வயலையும் பெயரோடு காட்டி அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள். தன் வயல் எதென்று அவருக்குத் தெரியும்.

பாமணிக்கரை

இதைத்தான் செய்தேன். இப்போது பொத்தானைத் தட்டினால் இரண்டு மூன்று வயல் நிறம் வேறுபட்டுத் தெரிகிறது, தன்னுடையதைத் தொட்டால் முடிந்தது. பட்டாப் பரப்பு தனிப் பத்தி, நடந்த பரப்பு தனிப் பத்தி, இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறேன், மா கணக்கிலும் ஏர் கணக்கிலும். குறைத்துவிட்டாயா என்று கேட்டவர்களிடம் புலப்படத்தையும் காட்டிப் பேசினேன், ஒத்துக்கொண்டார்கள். எட்டு போட்ட வயலை நேற்றுச் சாயங்காலம் மறுபடி நடந்தேன், 1.9 மா வந்தது. மிச்ச வயல்களை ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறோம், எட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சங்கிலியும்_கல்லும்

எட்டுப் பேரிடமும் சொல்லிவிடுங்கள், மூலைக்கல் இருக்கிற இடத்தில் போனவுடன் தட்டாமல் ஒரு நிமிடம் நின்று எடுக்கட்டும். கல் புதைந்து போயிருந்தால் பக்கத்து வயல்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு எடுங்கள்.